நிற்கிற கோட்டைப் பிடி

திருவனந்தபுரம்
16 ஜூன் 2025

அக்காவுக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாய். திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை. மாமாவின் எண்ணும் அப்படியே. இரண்டு பேரும் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டீர்கள் என்று புரிந்தது. தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

பாதியில் நின்றதை முழுதாகச் சொல்கிறேன். மோகனூரில் உங்கள் கோழிப் பண்ணைக்கும் ஊராட்சிப் பள்ளிக்கும் நடுவில் பிப்ரவரி மாதம் நான் எடுத்த அளவு தவறு. "காற்றில் குறிப்பிடத்தக்க அம்மோனியா இல்லை" என்று மாவட்டக் குழுவுக்கு எழுதிக் கொடுத்ததும் தவறு. அதைத் திரும்பப் பெறப் போகிறேன். அந்த அறிக்கையைக் காட்டித்தான் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிப் புது ஷெட் கட்ட உன் பெயரில் அனுமதி வாங்கினீர்கள். அதனால்தான் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டுவதை நிறுத்து என்று சொன்னேன். நீ "உனக்கென்ன கிறுக்கா" என்றாய். அதோடு போன் கட்டானது.

கிறுக்கு இல்லை அக்கா. உனக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எனக்கு முன்னால் இதே மாதிரி லேசரில் ஆராய்ச்சி செய்து, கல்யாணத்துக்காக நடுவில் விட்டு வந்தவள் நீ. ஆனால் மாமாவும் இதைப் படிப்பார் என்பதால் அவருக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

நம் கார்பன் டை ஆக்சைடு லேசர் தருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அந்த வாயு நினைத்த அதிர்வெண்ணில் எல்லாம் ஒளி தராது. வரிசையாகச் சில அதிர்வெண்கள்தான் அதற்கு வரும். ஒவ்வொன்றையும் கோடு என்கிறோம், எண் போட்டு வைத்திருக்கிறோம். முப்பதாம் கோட்டை அம்மோனியா விழுங்கும். இருபத்தெட்டாம் கோட்டைச் சீண்டாது. இரண்டையும் மாற்றி மாற்றி மைதானத்தின் குறுக்கே அனுப்பி, உங்கள் வேலியில் மாட்டிய கண்ணாடியில் பட்டுத் திரும்புவதை அளந்தால், முப்பதில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அம்மோனியா காற்றில் இருக்கிறது. வேலை இவ்வளவுதான். ஆனால் லேசர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். குழாய் கொஞ்சம் சூடாகி, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு நீண்டால்கூடப் பக்கத்துக் கோட்டுக்குத் தாவிவிடும்.

அதே லேசரை இங்குள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எந்தக் கோடு எரிகிறது என்று எண்ணோடு காட்டும் கருவி இங்கே இருக்கிறது, நம் கல்லூரியில் கிடையாது. போட்டுப் பார்த்தேன். நான் முப்பது என்று நம்பியது இருபத்தெட்டு. இருபத்தெட்டு என்று நம்பியது இருபத்தாறு. இரண்டையுமே அம்மோனியா தொடாது. அப்படியென்றால் உங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நான் இரண்டு வாரம் உட்கார்ந்து அளந்தது எதை என்று யோசித்துப் பார்.

எனக்கு ராசாத்தியின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். பண்ணைக் காற்றால் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது என்று குழுவுக்குப் போன மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. "லீவு முடிஞ்சு வர்ற புள்ளைங்களுக்குத்தானுங்க சார் கண்ணு எரியுது. ஒரு வாரம் போனாச் செரியாயிருதுங்க" என்றார். காற்றில் குற்றம் இருந்தால் ஒரு வாரத்தில் எப்படிச் சரியாகும் என்று அவரையே மடக்கினேன். கம்ப்யூட்டரில் நேராக ஓடிய கோட்டைக் காட்டினேன். அவர் அரிசி களையப் போய்விட்டார். அவரை மடக்கியதை நினைத்தால் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஷெட் வேலையை நிறுத்து. பதில் எழுது.

இளவழகன்


மோகனூர்
23 ஜூன் 2025

விஞ்ஞானி இளவழகன் அவர்களுக்கு,

உங்கள் மேலான கடிதம் கிடைத்தது. உன் மாமா அதை வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தார். லேசர் பாடம் வரைக்கும் வந்தார். "உன்ற தம்பி நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடறதுமில்லாம பாடம் வேற நடத்தறானா" என்று கேட்டு என் மடியில் வீசிவிட்டு ஷெட்டுக்குப் போனார். அவருக்குப் புரிகிற மாதிரி எழுதியதற்கு நன்றி. நன்றாகவே புரிந்துவிட்டது.

"கல்யாணத்துக்காக நடுவில் விட்டு வந்தவள்." அவர் படிப்பார் என்று தெரிந்துகொண்டே இதை எழுதுகிறாய். எனக்குச் சாமரம் வீசுவதாக நினைப்பா? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் என்னிடம் என்ன கேட்டிருப்பார் என்று உனக்கு ஒரு கணம் தோன்றியதா? நீ கொளுத்திப் போட்டுவிட்டுக் கடற்கரையில் காற்று வாங்கு, நான் இங்கே அணைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். நான் விட்டு வந்தேன், மறந்து வரவில்லை. பிப்ரவரியில் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒரு கோடு கிடந்து ஆடுகிறது, ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டேன் என்கிறது என்று அழுதாய். பிறகு இன்னொரு கோட்டைப் பிடித்தாய், அது காலையிலிருந்து சாயங்காலம் வரை அசையாமல் நின்றது. அசையாமல் நின்ற அளவைத்தான் எழுதிக் கொடுத்தாய். இன்றைக்கு ஏதோ ஒரு ஊரில், யாரோ வைத்திருக்கிற ஒரு பெட்டி வேறு எண்ணைக் காட்டுகிறது என்று, நின்றது பொய், ஆடியது மெய் என்கிறாய். அந்தப் பெட்டியை யார் சரிபார்த்தது? ஆடுகிற கோட்டை வைத்து உலகத்தில் எவனாவது எதையாவது அளந்திருக்கிறானா?

அதையெல்லாம் விடு. எனக்கு மூக்கு இல்லையா? விடிந்ததும் ஷெட்டுக்குள் போகிறவள் நான். கனிஷ்கா அந்த வேலியை ஒட்டித்தான் சைக்கிள் ஓட்டுகிறாள். காற்று கெட்டிருந்தால் பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? நீயும்தான் இரண்டு வாரம் இங்கே தங்கினாய். மூன்று வேளையும் என் கையால் தின்றாய். ஒரு நாளாவது மூக்கைச் சுளித்தாயா? அந்த ராசாத்தி மட்டும் என்னவாம், அவளே ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது என்கிறாள். சரியாகிவிடுகிற ஒன்றுக்கு எதற்கு மனு?

புது ஷெட் என் பெயரில் வருகிறது. இந்த வீட்டில் என் பெயரில் வருகிற முதல் சொத்து அது. கடக்கால் தோண்டியாகிவிட்டது. நிறுத்த மாட்டேன். நீ திரும்பப் பெறுவதைப் பெற்றுக்கொள்.

தனப்பிரியா


திருவனந்தபுரம்
30 ஜூன் 2025

அக்கா,

மாமா படிக்கட்டும் என்று எழுதியது என் தவறுதான். அதற்கு மட்டும் மன்னிப்பு. மற்றதற்குக் கிடையாது.

ஆடுகிற கோட்டை வைத்து எவன் அளந்தான் என்று கேட்டாய். நான் கைவிட்ட அந்தக் கோடுதான் உண்மையான முப்பது. அது ஏன் ஆடியது என்று நீ கேட்டிருக்க வேண்டும். என் இடத்தில் நீ இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். உன் பெயரில் ஷெட் வந்ததும் கேள்வி மறந்துவிட்டதா?

லேசரை நிறுத்திப் பிடிக்கிற முறை உனக்குத் தெரியும், நீதான் எனக்குக் கற்றுக் கொடுத்தாய். பின்பக்கக் கண்ணாடியைத் துளித் துளியாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கிறோம். எந்தப் பக்கம் ஒளி கூடுகிறதோ அந்தப் பக்கம் நகர்த்துகிறோம். இரண்டு பக்கமும் குறைந்தால் அதுதான் உச்சி. ஒரு மின்சுற்று அதை அங்கேயே பூட்டி வைக்கிறது. அந்தச் சுற்றுக்கு உச்சி தெரியும். எந்தக் கோட்டின் உச்சி என்று தெரியாது. அதோடு, திரும்பி வரும் ஒளியை உணர நம்மிடம் இருந்தது ஒரே டிடெக்டர். பூட்டுவதற்கும் அதுதான், அளப்பதற்கும் அதுதான். மைதானத்தைக் கடந்து திரும்பி வந்த ஒளியை வைத்தே லேசரைப் பூட்டினேன். வழியில் அம்மோனியா வந்து ஒளியைக் குடித்தபோதெல்லாம், கண்ணாடி நகர்ந்துவிட்டது என்று நினைத்து அந்தச் சுற்று உச்சியைத் தேடி ஓடியது. காற்று விலகியதும் திரும்பி ஓடியது. ஆடியது லேசர் இல்லை. உங்கள் காற்று.

கல்லூரி மைதானத்தில் சோதித்தபோதும் அதே கோடு ஆடியது. இரண்டு இடத்திலும் ஆடினால் கோட்டில்தான் குறை என்று முடிவு கட்டினேன். இரண்டு இடத்துக்கும் பக்கத்தில் கோழி ஷெட் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நாமக்கல் பக்கம் பிறந்தவனுக்கு எப்படித் தோன்றும்? வெளியூர்க்காரன் ஒருத்தன் கூட இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு காரணத்தைச் சொல்லியிருப்பான். இங்கே மொட்டை மாடியில், கடல் காற்றில், அதே முப்பதாம் கோடு விடிய விடிய அசையாமல் நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வைக்கிறாய். பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிற நிலையில் உனக்குத்தான் போன் செய்தேன். நீ முட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தாய். ஆட்களை அதட்டுவதற்கு நடுவில் என்னிடம் சொன்னாய்: "ஆடற கோட்டை உட்டுட்டு நிக்கற கோட்டைப் புடி சாமி." நான் பிடித்தேன். நின்ற கோடு ஏன் நின்றது தெரியுமா? அதற்கு உங்கள் காற்றில் பார்க்க ஒன்றுமே இல்லை, அதனால் நின்றது.

மூக்கு இல்லையா என்று கேட்டாய். உன் மூக்கையும் என் மூக்கையும் பற்றி ஒரு விஷயம். இங்கே வந்த அன்று லேசர் பெட்டியைத் திறந்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆடு கட்டிய பெட்டியா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரைக் கேலி செய்கிறார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஸ்க்ரூ தேடி அதே பெட்டியைத் திறந்தபோது நெடியில் எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. பெட்டியை இடையில் யாரும் தொடவில்லை.

என்னை நம்பாதே. பண்ணையை விட்டு இரண்டு வாரம் வெளியே இருந்துவிட்டு வந்து, கேட்டில் நின்று மூச்சை இழு. பிறகு எழுது.

இளவழகன்


மோகனூர்
8 ஜூலை 2025

இளவழகன்,

ஆக, குற்றவாளி நான். லாரிக்குப் பக்கத்தில் நின்று அரை நிமிடத்தில் சொன்ன ஒரு வார்த்தை. அதற்குப் பின்னால் இரண்டு வாரம் உட்கார்ந்து அளந்தது நீ, கையெழுத்துப் போட்டது நீ, அறிக்கையைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் படியேறியது நீ. மாட்டிக்கொண்டதும் "அக்காதான் சொன்னாள்." சின்ன வயதில் பால் சொம்பை உடைத்துவிட்டு அம்மாவிடம் இதையேதான் சொன்னாய்.

இரண்டு வாரம் வெளியே இருந்துவிட்டு வரச் சொல்கிறாய். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இந்தப் பண்ணையை விட்டு நான் போனதில்லை. கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இது தெரிந்தே எழுதுகிறாய் என்றால் நீ எவ்வளவு பெரிய மனிதன்.

உன் மாமா ஒரு முடிவு எடுத்திருக்கிறார், நானும் மறுக்கவில்லை. ஆவணியில் கனிஷ்காவுக்குக் காது குத்துகிறோம். நீ அறிக்கையைத் திரும்பப் பெற்றால் வர வேண்டாம். பெரியம்மா மகன் செந்தமிழன் மடியில் உட்கார வைத்துக் குத்திக்கொள்வோம். அவனும் தாய்மாமன் முறைதான். அவனுக்கு லேசர் தெரியாது, அதனால் நிம்மதியாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஆடியது ஆடியது என்கிறாயே, அந்த ஆட்டத்தைப் பதிவு செய்தாயா? செய்திருந்தால், எந்த நேரத்தில் எவ்வளவு ஆடியது என்று நேரத்தோடு அச்செடுத்து அனுப்பு. எனக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று கொண்டாடாதே. பகல் சூட்டில் குழாய் நீண்டுதான் அது ஆடியிருக்கும். நடுப்பகலில் அதிகமாக ஆடியிருந்தால் சூடு. அதைக் காட்டி உன் வாயை அடைக்கத்தான் கேட்கிறேன்.

தனப்பிரியா


திருவனந்தபுரம்
16 ஜூலை 2025

அக்கா,

நீ கேட்டதை இதோடு வைத்திருக்கிறேன். குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்த பதிவுகள். நான் ஒரு குறிப்பும் எழுதவில்லை. நீயே பார்.

குழுவுக்கு இன்று கடிதம் அனுப்பிவிட்டேன். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், தவறான கோட்டில் அளந்துவிட்டேன் என்று என் பெயர் போட்டு எழுதியிருக்கிறேன். கல்லூரியில் என் வேலை என்ன ஆகும் என்று தெரியாது. நீ மிரட்டியதால் ஒரு வாரம் தள்ளிப் போட்டேன் என்பதை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

மறுபடி அளக்கச் சொல்வார்கள். கண்ணாடியை உங்கள் வேலியில்தான் மாட்ட முடியும், வேறு இடம் இல்லை. இடத்துக்காரர் சம்மதிக்காவிட்டால் அளக்க முடியாது. அளக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, ஷெட் எழும்பிவிடும். அந்த மூலை உன் பெயரில் இருக்கிறது. ஆகவே கேட்டைத் திறப்பதும் பூட்டுவதும் மாமா இல்லை, நீ. இதைத் தெரிந்துகொண்டு பூட்டு.

கனிஷ்கா விஷயம். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் முதலில் என் கையில்தான் கொடுத்தாய். அவள் காதை வைத்து என்னோடு பேரம் பேசுகிறாய். செந்தமிழன் மடியில் உட்கார வை. அவன் நல்லவன். ஆனால் அதே ஆவணியில் அவள் வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், அந்தச் சுவருக்கு அப்பால் தட்டேந்தி வரிசையில் உட்காருவார்கள் என்பதையும் அன்றைக்கு நினைத்துக்கொள். உன் பண்ணை முட்டைதான் அவர்கள் தட்டில் விழுகிறது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாயே.

இனி நான் எழுத மாட்டேன்.

இளவழகன்


மோகனூர்
11 ஆகஸ்ட் 2025

இளவழகா,

உன் பேச்சைக் கேட்டு நான் எங்கேயும் போகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். என் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும், மகன் இருந்தால் அவருக்குக் கூச்சம். நான் போனேன். கனிஷ்காவையும் கூட்டிப் போனேன். காயம் ஆறத் தாமதமானதால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போகும்போது உன் தாள்களைப் பையில் வைத்திருந்தேன். மாமியார் தூங்கும்போது எடுத்துப் பார்ப்பேன். நடுப்பகலில் ஆட்டம் இல்லை. வெயில் ஏறி ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்ததும் கோடு நிமிர்ந்து நிற்கிறது. காற்று அடங்கி நிலம் குளிர்ந்த பிறகுதான் விழுந்து விழுந்து எழுகிறது. சூட்டினால் ஆடுகிற லேசர் குளிரில் ஆடாது. காவிரிக் காற்று எப்போது வரும் என்று லேசருக்குத் தெரியாது. இதைப் பார்த்த அன்றே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தாளை மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டு, உன் மேல் இன்னும் அதிகமாகக் கோபப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் திரும்பினோம். கேட்டில் காரை விட்டு இறங்கினேன். ஏதோ செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மூக்கைத் தாண்டித் தொண்டையில் இறங்கியது. சூப்பர்வைசர் மயில்சாமியைக் கூப்பிட்டு, "எருக்குழியை எவன்யா கெளறி உட்டது" என்று சத்தம் போட்டேன். அவர் பயந்துபோய் நின்றார். "யாரும் கெளறலீங்கம்மா. எப்பவும் போலத்தானுங்க இருக்குது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உன் மாமா வெளியே வந்து, "ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தா அப்படித்தான் இருக்கும், போய்க் குளி" என்றார்.

கனிஷ்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, கண்ணு எரியுது" என்றாள்.

பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. ராசாத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "ஊருக்குப் போயிட்டு வந்தீங்களாங்க்கா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரு வாரம் அப்படித்தானுங்க இருக்கும். பச்சத் தண்ணில கழுவிட்டே இருங்க. செரியாயிரும்ங்க" என்றாள். மனுக் கொடுத்தபோது அவளை என் வீட்டு வாசலில் நிற்க வைத்து நான் என்னென்ன பேசினேன் என்று உனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இருந்தும் எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் நான் நிம்மதியாக அவளைத் திருப்பித் திட்டிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே கடக்கால் வேலையாட்களை அனுப்பிவிட்டேன். உன் மாமா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அக்காளும் தம்பியும் சேந்துக்கிட்டீங்களா" என்றார். இல்லை என்றேன். உண்மைதான், உன்னோடு நான் சேரவில்லை. உன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. என் வீட்டு வாசலில் என்னால் நிம்மதியாக மூச்சுவிட முடியவில்லை. இத்தனை வருஷம் விட்டுக்கொண்டிருந்தேன். இதை நீ எனக்குச் செய்தாய்.

ஆனால் எழுதுகிற காரணம் அது இல்லை.

இன்று காலையில் எழுந்து வாசலுக்கு வந்தேன். நாற்றம் பாதிதான் இருந்தது. காற்று மாறிவிட்டதா என்று வேலி வரைக்கும் போய்ப் பார்த்தேன். இலை அசையவில்லை, எருக்குழி அப்படியே கிடக்கிறது. மாறிக்கொண்டிருப்பது என் மூக்குதான். இன்னும் நாலைந்து நாளில் எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு நீ வந்து நின்றால், எனக்கு மூக்கு இல்லையா என்று பழையபடி கேட்பேன். வேண்டுமென்று கேட்க மாட்டேன், நம்பியே கேட்பேன். உன் மாமாவோடு சேர்ந்து நின்று கேட்டைப் பூட்டுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் உன் எண்ணைத் திறந்துவிட்டு இந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பி உட்கார நேரம் இல்லை. கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் திட்டுவதிலேயே பொழுது போய்விடும். அளப்பதற்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையும் படமெடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். லேசரைத் தூக்கிக்கொண்டு வா. இன்னொரு டிடெக்டர் யாரிடமாவது கெஞ்சி வாங்கி வா. ஒளி மைதானத்துக்குள் போவதற்கு முன்னாலேயே கொஞ்சம் பிரித்தெடுத்து, அதை வைத்துப் பூட்டு. அந்த எண் காட்டுகிற பெட்டியையும் கேட்டுப் பார், தராவிட்டால் ஒரு குப்பியில் கொஞ்சம் அம்மோனியா அடைத்துக் கொண்டு வா, எந்தக் கோட்டை அது குடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இதைக்கூட நான் சொல்லித்தான் நீ செய்ய வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை நானும் பக்கத்தில் உட்காருவேன். ஆடுகிற கோட்டைத்தான் பிடிக்கப் போகிறோம்.

காது குத்துக்கு மடி உன்னுடையதுதான். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

உடனே கிளம்பு. கனிஷ்கா இன்று காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கண்ணைக் கசக்கவில்லை.

அக்கா